இரண்டாம் சுருள்

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த காற்று கோயம்புத்தூர் முழுவதும் சாரலைத் தூவிக்கொண்டிருந்தது. குடையை விரித்தால் பக்கத்தில் போகிறவன் சிரிப்பான், விரிக்காவிட்டால் தோள் நனையும், அப்படியொரு இரண்டுங்கெட்டான் தூறல். நூலகக் கட்டடத்தின் மாடி அரங்கில், மூன்றாம் வரிசையின் இடது ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்த ஜெயமணி, மடியிலிருந்த எட்டுத் தாள்களையும் முழங்காலில் தட்டி விளிம்பை ஒழுங்கு செய்தாள். மூலைகளில் எண் இட்டிருந்தாள். அந்த எண்களை வீட்டில் இருமுறை சரிபார்த்தாயிற்று, ஆட்டோவில் ஒருமுறை, இப்போது மறுபடியும். திரைப்படக் கழகத்துக்கு இது ஐம்பதாம் ஆண்டு. படம் முடிந்ததும் அவள் மேடையேறி ரசனை உரை ஆற்ற வேண்டும். கழகத்தின் செயலாளர் இன்பசேகரன், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், எழுபத்தெட்டு வயதிலும் ஒலிபெருக்கியை நம்பாத குரல்காரர், அறிமுகத்தில் சொல்லிவிட்டு இறங்கினார்: "முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால இதே ஊர்ல, இதே கழகத்துல, இதே படத்தைப் பார்த்துட்டு நம்ம ஜெயமணி எழுதின கட்டுரையை இன்னிக்கும் கல்லூரியில பாடமா வச்சிருக்காங்க." அது உண்மைதான். இருபத்திரண்டு வயதில் எழுதிய அந்த நான்கு பக்கக் கட்டுரையிலிருந்துதான் அவளுடைய மூன்று நூல்களும் பெயரும் கிளைத்தன. ஆனால் அவள் இன்று வந்தது உரைக்காக மட்டும் அல்ல. தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஒருவரிடமும் சொல்லாமல். இந்தப் படம் தன் நினைவில் இருக்கிறபடியே திரையிலும் இருந்துவிட்டால், நாளைக் காலை நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. இல்லாவிட்டால், இல்லாவிட்டால் என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. காலையில் இட்லித் தட்டை நகர்த்தியபடியே அவள் கணவர் தனபால் சொன்னார்: "நாளைக்குப் பத்தரைக்கு டாக்டரு. மறந்துறாதே." சொன்ன பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு புழுதித் தெரு, அதன் நடுவே ஒரு கோவேறு கழுதை, கழுதையின் மேல் நீளமான மரப்பெட்டியோடு ஒரு ஒல்லி மனிதன். ஆம், இப்படித்தான். குதிரையும் துப்பாக்கியுமாக மிரட்டும் அமெரிக்க மேற்கத்தியப் படங்களையெல்லாம் வைத்துச் சிரிக்கிற பழைய படம் இது. வந்தவன் ஒரு சவரக்காரன், பெட்டியில் இருப்பது கத்தியும் சோப்பும். ஊரோ அதைத் துப்பாக்கிப் பெட்டி என்று எண்ணி அவனை ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஆக்கிவிடுகிறது. அடுத்து மதுக்கடைக்காரன் கண்ணாடியைத் திருப்பி வைப்பான் என்று அவள் நினைத்தாள், வைத்தான். விடுதி நடத்தும் விதவை வாளித் தண்ணீரை அவன் மேலேயே கொட்டுவாள், கொட்டினாள். ஒவ்வொன்றும் நினைத்த இடத்தில் நினைத்தபடி வந்து நின்றபோது, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கையில் 'உள்ளேன் அம்மா' என்று குழந்தைகள் எழுந்து நிற்பதுபோல் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. போதும், இது போதும், மறதி என்பது வயதின் சாதாரணத் தேய்மானம். சென்ற மாதம் சல்லடை என்ற சொல் அரை நாள் அகப்படாமல் போனதும், முந்தைய வாரம் வங்கிக்குப் போனதை நேற்று போனதாகத் தனபாலிடம் வாதாடியதும் எல்லாருக்கும் நடப்பவைதான். ஆனால் அம்மாவுக்கும் அப்படித்தானே தொடங்கியது என்று மனம் உடனே திரும்பி வந்து கடித்தது. அம்மா எதையும் மறக்கவில்லை, வரிசைதான் தவறியது. உடுத்த பிறகு குளிக்கப் போனாள். சோறு பரிமாறி முடித்துவிட்டு அரிசி களைந்தாள். அப்பா இறந்ததற்கு அடுத்த வாரம் அவரோடு பழனிக்குப் போனதாகச் சொன்னாள், பஞ்சாமிர்தத்தின் விலை முதல் துல்லியமாக. எல்லாம் இருந்தன, ஒன்றும் தொலையவில்லை, மணிகள் அத்தனையும் இருக்க நூல் மட்டும் அறுந்த மாலைபோல. ஆறு வருடம் அப்படி இருந்துவிட்டு அம்மா நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். ஆறும் நான்கும் பத்து. கூட்டல் சரியாக வருகிறது. இதையும் ஏன் சரிபார்க்கிறாய்? திரையில் அந்த ஊரின் ரவுடி, மீசையே ஒரு முழம், சவரக்காரனின் காலடியில் கையுறையை எறிந்து நாளை நடுப்பகலில் சந்திப்போம் என்றான். விளக்கு எரிந்தது.

ஒரே ஒரு புரொஜெக்டரை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சுக்குக் காபி வரும். இப்போது படம் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டில் அடங்கி வருகிறது, மாற்றுவதற்குச் சுருளே இல்லை. ஆனாலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்பசேகரன் கையை உயர்த்துவார், படம் நிற்கும், சுக்குக் காபி வரும். வேறெந்த ஊர்க் கழகத்திலும் இந்த வழக்கம் இல்லை. காபியை ஊதியபடி அவர் அருகே வந்தார். "எப்படி, அப்படியே இருக்கா?" "அப்படியே இருக்கு சார்." "அடுத்ததுதாம்மா உச்சம். சவால் விட்ட கையோட நேரா சவ ஊர்வலம். என்ன துணிச்சல்! நான் அன்னிக்கே மேடையில சொன்னேன், காலத்தைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டிருக்கான்னு. நீங்க அதைத்தானே விரிச்சு எழுதினீங்க." "ஆமா சார்," என்றாள். அதைத்தான் எழுதினாள். சண்டைக்கு அழைப்பு வந்ததும் அடுத்த காட்சியே அவனுடைய ஈமச் சடங்கு. அவனோ கூட்டத்தின் ஓரத்தில் உயிரோடு நின்று தன்னைப் புகழ்கிறவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அதற்கு அடுத்துத்தான் சண்டை வருகிறது. முதுகோடு முதுகு ஒட்டி நின்று, பத்தடி நடந்து திரும்பிச் சுட வேண்டும். இவன் பத்தடி நடக்கிறான், பதினொன்று, பன்னிரண்டு, நடந்துகொண்டே ஊரை விட்டே போய்விடுகிறான். தன் சாவைப் பார்த்துவிட்டவன் எதற்காகத் திரும்ப வேண்டும்? கட்டுரையின் கடைசி வரி அது. அந்த வரியைத்தான் மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். அந்த வரியைத்தான் அவளும், அப்பாவின் மரணத்தின்போதும் தன் மார்பில் கட்டி என்று பயந்த அந்தப் பதினொரு நாட்களிலும், வாய்க்குள் வைத்துக் கிராம்புபோல் மென்றிருக்கிறாள்.

இருட்டு. சவ ஊர்வலத்துக்காக அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு அறை, மெழுகுவத்தி, சவரக்காரன் கண்ணாடி முன் உட்கார்ந்து தனக்குத்தானே சவரம் செய்ய முயல்கிறான். கை நடுங்குகிறது, நுரை காதுக்குள் போகிறது. அரங்கு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இது பிறகு வருவது அல்லவா? சடங்கு முடிந்த பிறகு, மூன்றாவதாக. ஒருவேளை சிறியதாக ஒரு துண்டு இங்கேயும் இருந்து, அதை மறந்துவிட்டேனோ. ஒரு நிமிடம் பொறு, ஊர்வலம் வரும். வரவில்லை. விதவை வந்தாள், சூப் கொடுத்தாள், அவன் கரண்டியின் நடுக்கத்தில் சூப் முழுவதும் மேசைக்குப் போயிற்று. மறுபடி சிரிப்பு. அவள் தாள்களைப் பற்றினாள். நான்காம் தாளில் ஊர்வலம், ஐந்தாம் தாளில் சண்டை. நான்கு, ஐந்து. இருட்டில் எண் தெரியவில்லை, விரலால் தடவினாள், தடவினால் எண் தெரியுமா என்ன. அம்மா இப்படித்தான் தாலிக்கொடியைத் தடவித் தடவி எதையோ எண்ணுவாள். அம்மா அன்று பக்கத்தில் இருந்தாள், வலது பக்கம். மாலைக் காட்சிக்குப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப அப்பா ஒப்பாததால், கழகத்துக்கெல்லாம் அம்மாவே துணை. பழனாத்தாள் என்று உறுப்பினர் சீட்டில் பெயர்கூட எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீலகிரித் தைல வாசனையோடு, ஓர் ஆங்கிலச் சொல்லும் தெரியாமல், எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். நடுவில் இவள் தொடையில் தட்டி என்னவோ சொன்னாள். இவள் "சும்மா இரும்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றாள். தன் பதில் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, எதற்கான பதில் என்பதுதான் இல்லை. அம்மா என்ன சொன்னாள்? தொடையில் தட்டினாள், வளையல் குளிர்ந்தது, குனிந்தாள், தைல வாசனை, சும்மா இரும்மா. மறுபடி முதலிலிருந்து. தட்டினாள், குளிர்ந்தது, குனிந்தாள், சும்மா இரும்மா. கீறல் விழுந்த இசைத்தட்டுபோல் அதே இடத்தில் வந்து இடறுகிறது. திரையில் நடுப்பகல் ஆயிற்று. இருவரும் முதுகு ஒட்டி நின்றார்கள். ஒன்று, இரண்டு. சவரக்காரனின் முழங்கால்கள் தந்தி அடிப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள், அல்லது அன்று பார்த்தும் வேறொன்றாகப் பார்த்தாள். பத்து. திரும்பவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. அவன் முகத்தில் அவள் எழுதிய அமைதி இல்லை, அச்சத்தில் உறைந்த வெறும் அசட்டுத்தனம். தூரத்தில் ஒரு வெடி, அவன் தொப்பி ஆற்றில் மிதந்து போகிறது, ஊர் தலையில் கை வைக்கிறது. அரங்கு கைதட்டிச் சிரித்தது. அப்படியானால் இனிமேல்தான் சடங்கா? அப்படியானால் அவன் பயந்து ஓடியவனா? அப்படியானால் நான் யாரைப் பற்றி எழுதினேன்?

விளக்கு எரிந்ததும் இன்பசேகரனைத் தேடிப் போனாள். நடக்கையில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டாள். "சார், ஊர்வலம் முன்னாடி வரலையே?" அவர் காபிக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தான் தேடிய திடுக்கிடல் இருந்ததா, அல்லது நோயாளியைப் பார்க்கும் பரிவா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. "முன்னாடி தானே வரணும்?" என்றார். பிறகு, "முன்னாடிதானா? நீங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு எனக்கு எது படம், எது கட்டுரைன்னே தெரியலைம்மா," என்று சிரித்தார். "புதுசா மெருகேத்தி வெளியிடறப்போ இப்படித்தான், யாரோ ஒரு புத்திசாலி உள்ளே புகுந்து எல்லாத்தையும் நேராக்கிடறான். நேராக்கினா கலை போச்சு. உரையில அதைக் கண்டிச்சு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க." அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். ஆனால் சண்டைக்குப் போகிறவனின் கன்னத்தில் சவரக் காயம் இருந்தது. அந்தக் காயத்தின் மேல் ஒட்டிய காகிதத் துண்டு, அவன் ஓடும்போதும் இருந்தது. ஊர்வலத்திலும் அது இருந்துவிட்டால் இந்த வரிசைதான் சரி. இதை முப்பத்தொன்பது வருடம் முன்பு பார்க்காத கண், என்ன கண்?

மூன்றாம் பகுதியில் ஊர்வலம் வந்தது. காலிச் சவப்பெட்டி, அதற்குள் எடைக்காகப் போட்ட சோப்புக் கட்டிகள், கறுப்புத் துணி போர்த்திய கோவேறு கழுதை. கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டுத் தாடியோடு சவரக்காரன், தாடிக்கு மேலே கன்னத்தில் அதே காகிதத் துண்டு. இந்தக் காட்சி நினைவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. பாதிரியார் அவன் வீரத்தைப் புகழ்கையில் வீரன் வெட்கித் தலை குனிகிறான், ஓடியவன் அல்லவா. அந்த வெட்கம் முன்பு இல்லை. முன்பு அவன் சிரித்தான். இல்லை, சிரித்ததாக நீ பார்த்தாய். அரங்கு குலுங்கிற்று. பின் வரிசையில் யாரோ "ஐயோ, போதும்டா சாமி" என்று கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்க, அவள் மட்டும் தவறான ரயிலில் ஏறிவிட்டவளைப்போல் வெளியே கடந்துபோகும் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். இதுதானா அது? இப்படித்தான் அம்மாவுக்கு உள்ளே இருந்ததா? பிள்ளைகள் தாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று 'இல்லம்மா, அது முன்னாடி நடந்தது, இது பின்னாடி' என்று திருத்தத் திருத்த, அம்மா இப்படித்தான் தன் வரிசையைப் பற்றிக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தாளா? கடைசி வருடத்தில் அம்மாவிடம் மிஞ்சியது இரண்டே வாக்கியம். தனக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, இவள் கையைப் பிடித்து, ரகசியமாகச் சொல்வாள்: "மாத்திப்போட்டான் கண்ணு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத." எவன் மாற்றினான், எதை என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொள்வாள். அப்போதுதான் அம்மாவின் வளையலைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். நகைக்கடைக்காரர்தான் மாற்றிவிட்டார் என்று தனபால் சந்தேகப்பட, வேறு கடையில் உரைத்துப் பார்த்தார்கள். சொக்கத் தங்கம். செய்தி காதுக்குப் போய், அந்த நகைக்கடைக்காரர் இன்றுவரை இவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். பிதற்றல் என்று விட்டுவிட்டார்கள். தட்டினாள், வளையல் குளிர்ந்தது, குனிந்தாள். அதே வளையல். சும்மா இரும்மா.

மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது அவள் காபியை வாங்கவில்லை. கதவோரத்துக் கடைசி நாற்காலியில், வெள்ளை வேட்டியும் துவைத்து மடித்த துண்டுமாக, ஒரு முதியவர் முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறுக்குட்டி. அந்தக் காலத்தில் கழகத்தின் புரொஜெக்டரை ஓட்டியவர். மேடையிலுள்ள பொன்னாடைகளில் ஒன்று அவருக்குத்தான். படம் தொடங்கியதிலிருந்து அவர் தன் பக்கம் திரும்பவே இல்லை என்பது அவளுக்கு இப்போது உறைத்தது. அருகே போய் உட்கார்ந்தாள். "நல்லாருக்கீங்களா அண்ணா?" "இருக்கறனுங்க அம்மிணி." "படம் எப்படி இருக்கு?" அவர் துண்டை எடுத்து வேறு விதமாக மடித்தார். "இன்னிக்குத்தானுங்க சரியாப் பாக்கறேன்," என்றார். பொறுமை அவளுக்குக் கைவந்தது, பேசாமல் இருந்தால் ஆட்கள் பேசுவார்கள். "அன்னிக்கு நாலு டப்பா வந்துச்சுங்க. ரெண்டாவது டப்பாவைத் தொறந்தா, முந்தி பார்த்த ஊர்க்காரன் திருப்பிச் சுத்தாமயே அனுப்பிச்சிருக்கறான். வாலு முன்னால நிக்குது, நடுவுல ரெண்டு எடத்துல அறுந்தும் கெடக்குது. அதை ஒட்டிச் சுத்தோணும்னா அரை மணி நேரம் ஆகுமுங்க. சாரு என்னடான்னா, படம் பாக்க வந்த கலெக்டரு எட்டு மணிக்குக் கெளம்போணும், மாட்டு மாட்டுன்னு கழுத்துல கத்தி வைக்கறாரு. சரி, மூணாவதை ஓட்டுவோம், அதுக்குள்ள இதைச் சுத்திப்போடலாம்னு ஓட்டிட்டனுங்க." "யார்கிட்டயும் சொல்லலையா?" "படம் முடிஞ்சதும் சொல்லோணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள சாரு மைக்கைப் புடிச்சுட்டாரு. காலத்தைக் கலைச்சுப்போட்டான், அப்படிங்கறாரு, இப்படிங்கறாரு. சனம் கை தட்டுது. எனக்கே சந்தேகம் வந்துபோச்சுங்க, ஒருவேளை அதுதான் சரியோன்னு." அவர் மெல்லச் சிரித்தார், பிறகு அடக்கிக்கொண்டார். "அப்புறம் நீங்க எழுதிப்போட்டீங்க. அச்சுல வந்துட்ட பொறகு நான் எங்கீங்க போயிச் சொல்றது?"

அவளுக்கு முதலில் வந்தது மூச்சு. நீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்ததுபோல் ஒரு முழு மூச்சு. நினைவு பிசகவில்லை. நான் பார்த்தது பார்த்தபடியே இருக்கிறது, பந்தயம் எனக்கே. அந்த மூச்சு முடிவதற்குள் ஆறுக்குட்டி சொன்னார்: "உங்கம்மா சொல்லலீங்களா உங்ககிட்ட?" "என்னது?" "அவங்களுக்குத் தெரியுமுங்களே. மூணாவது காபிக்கு லைட்டுப் போட்டப்ப எந்திரிச்சு நேரா மிசினுகிட்ட வந்துட்டாங்க. 'ஏந் தம்பி, மாத்திப்போட்டயா?'ன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'எளவுல நிக்கறப்பவே அவன் மூஞ்சில காயிதம் ஒட்டியிருந்துச்சு, காயிதம் ஒட்டற மாதிரி சவரத்துல வெட்டிக்கிட்டதே இப்பத்தான் வருது, எம் புள்ளைகிட்டச் சொன்னா உனக்குப் புரியாதுங்கறா'ன்னாங்க. ஆமாங்க ஆத்தா, தெரிஞ்சா என்னை நிறுத்திப்போடுவாங்கன்னேன். 'நான் ஏஞ் சாமி சொல்றேன், நீயும் ஆருகிட்டயும் சொல்லிப்போடாத'ன்னு எந் தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனாங்க. போறப்ப வாயைப் பொத்திக்கிட்டு ஒரு சிரிப்புங்க. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது." இன்பசேகரன் கையை இறக்கினார். விளக்கு அணைந்தது.

நான்காம் பகுதியில் என்ன நடந்தது என்று பிறகு கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தாடி பிடுங்கப்பட்டது, ரவுடி சவர நாற்காலியில் கட்டுண்டான், விதவை சிரித்தாள், இவையெல்லாம் எதிரே நடந்தன. அவள் வேறொரு அறையில் இருந்தாள். கட்டுரை அச்சான நாளன்று அம்மாவை முறத்தோடு உட்காரவைத்து, நான்கு பக்கத்தையும் உரக்க வாசித்துக் காட்டிய அறை அது. அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டாள். கடைசி வரி வந்தபோது முறத்தை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று இவள் எண்ணினாள். ஒருவேளை பெருமையும்தானோ. முப்பது வருடம் வாய் திறக்கவில்லை. எல்லா வரிசையும் கலைந்து போன பிறகு, கணவன் போனதும் பிள்ளைகள் பிறந்ததும் முன்பின்னாய் மிதந்த அந்த வெள்ளத்தில், இது ஒன்று மட்டும் கல்லாய்க் கிடந்தது. மாத்திப்போட்டான் கண்ணு. சொல்லாதே என்பதையும் சேர்த்தே சொன்னாள். நாங்கள் வளையலை உரைத்துப் பார்த்தோம். சரி, ஆனால் இதற்கு என்ன பதில்: அம்மா எழுந்து போனது தன் நினைவில் இல்லவே இல்லை. படம் முழுவதும் அம்மா வலது பக்கத்திலேயே, தைல வாசனையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள், இன்று காலைவரை. அந்த நாற்காலி வெறுமையாய் இருந்த ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? மறந்ததா, அல்லது அன்றே பார்க்கவில்லையா? அப்படியானால் பந்தயத்தில் வென்றேனா, தோற்றேனா? ஒன்றைப் பிடித்தால் ஒன்று வழுகுகிறது. அப்பாவின் படுக்கையருகிலும் அந்தப் பதினொரு நாட்களிலும் தன்னைத் தாங்கிப் பிடித்த வரி ஒரு அறுந்த சுருளின் வரி. இருந்தும் தாங்கியது பொய்யில்லையே. பொய்யான கொம்பைப் பிடித்தும் கொடி ஏறிவிட்டதே, இப்போது கொம்பை உருவினால் கொடி என்னாகும்? திரையில் 'முடிந்தது' என்று வந்தது. பெயரை அழைத்தார்கள்.

எட்டுத் தாள்களையும் நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். வழியில் ஆறுக்குட்டியிடம் குனிந்து, "சொல்லட்டுமாண்ணா?" என்றாள். "இனி ஆரு வேலையைப் புடுங்கப் போறாங்க, சொல்லிக்குங்க," என்றார் அவர். மேடையில் அவள் பேசியது நான்கு நிமிடம். கழகத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறிய உரை. சுருள் மாறிய கதையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு, "அவன் திரும்பாமல் நடந்தது பயத்தினால். நான் அதைத் துணிவு என்று எழுதினேன். அந்தக் கட்டுரையை மாற்றப் போவதில்லை, அது வேறொரு படத்தைப் பற்றியது, அந்தப் படம் இந்த ஊரில் ஒரே ஒரு நாள் ஓடியது. ஆனால் அன்று இந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவர் இந்த அரங்கிலேயே ஒருவர்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன்," என்றாள். யார் என்று அவள் சொல்லவில்லை. இன்பசேகரன் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயிற்று. கதவோரத்தில் ஆறுக்குட்டி எழுந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப்போல் தலைக்கு மேல் கைகூப்பினார். அந்தக் கும்பிடைப் பார்த்ததும் எழுந்த சிரிப்பு, அன்று பிற்பகலின் எந்தக் காட்சிக்கும் எழாத சிரிப்பு.

மறுநாள் காலையில் தூறல் விட்டிருந்தது. இன்பசேகரன் ஐந்து மணிக்கே எழுந்து, பரணிலிருந்து கழகத்தின் பழைய இதழ்க் கட்டை இறக்கி, தூசி தட்டி, ஒரு தாளில் 'பிழையும் ஓர் உத்தியே' என்று தலைப்பு எழுதி அடிக்கோடிட்டார். ஏழு மணிவரை அதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. ஆறுக்குட்டி பொன்னாடையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எட்டு மணிவரை தூங்கினார். எழுப்பப் போன பேத்தியிடம், "தாத்தனுக்கு இன்னிக்கு லீவு," என்றார். தனபால் காரைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஜெயமணி ஒன்பதரைக்குக் கிளம்பி வந்து உட்கார்ந்தாள். "போற வழியில அந்த நகைக்கடையில ஒரு நிமிஷம் நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினார். அவள் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினாள், கண் சிவந்திருந்தது. கடைக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பத்தரைக்கு மருத்துவர் அவளை மேசையெதிரே அமர்த்தி நான்கு படச்சீட்டுகளைக் கலைத்துப் போட்டார். மருத்துவர் இளம்பெண், மெல்லிய குரல்காரி. "இதை வரிசைப்படுத்துங்கம்மா, அவசரமே இல்லை." ஒருவன் வீட்டிலிருந்து கிளம்புகிறான், மழை பிடிக்கிறது, தொப்பலாக நனைந்து நிற்கிறான், கடையில் குடை வாங்குகிறான். மருத்துவர் எதையோ எழுதக் குனிந்தார். ஜெயமணி நான்கையும் வரிசையாக வைத்தாள், விளிம்பைத் தட்டி ஒழுங்கு செய்தாள், சரிபார்த்தாள். சரிதான். கை அப்படியே நின்றது. பிறகு இரண்டாம் சீட்டையும் மூன்றாம் சீட்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். முதலில் அவன் நனைந்து நிற்கிறான், அதற்குப் பிறகு மழை வருகிறது. இனி வந்தால் என்ன என்பதுபோல் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அறியாமல் கை வாய்க்குப் போயிற்று, பொத்தியும் அடங்காத சிரிப்பு, தோள் குலுங்கியது. "என்னம்மா?" என்று மருத்துவர் நிமிர்வதற்குள் சீட்டுகளைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லை டாக்டர், சரியா வச்சிருக்கேன், பாருங்க," என்றாள்.